ஐந்தாம் வரிக்கு இருபது மதிப்பெண்

கலொலைனேவுக்கு ஊரில் வைத்த பெயர் அரை மார்க். நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. லிஃபூகா தீவில் எதையுமே நேருக்கு நேர் சொல்கிற வழக்கம் கிடையாது. ஆனால் பங்காய் கடைத்தெருவில் அவள் நடந்து போனால், பழைய மாணவன் எவனாவது பக்கத்தில் நிற்பவனிடம், "அரை மார்க் போவுது பாரு" என்று முணுமுணுப்பது அவள் காதில் விழாமல் இருக்காது. அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை. முப்பத்தொன்பதரை வாங்கியவனுக்கு நாற்பது போடுவது அவளைப் பொறுத்தவரை திருட்டு.

அவள் படித்தது கணக்கு. ஒன்பது வருடத்துக்கு முன்னால், கம்ப்யூட்டர் பாடம் எடுத்த நியூசிலாந்துக்காரப் பையன் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனதும், தலைமையாசிரியர் பெனிசிமானி அவளைக் கூப்பிட்டு, "நீ கணக்கு எடுக்கிறவதானே, கம்ப்யூட்டரும் கணக்குதாம்மா. நாளையிலேர்ந்து அதையும் பாத்துக்க" என்று அறைச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். பெரியவர் நீட்டியதை வேண்டாம் என்று சொல்வது மரியாதையில்லை, வாங்கிக்கொண்டாள். முதல் வருடம் பிள்ளைகளைவிட ஒரு பாடம் முன்னால் படித்துப் படித்தே ஓட்டினாள். கணவன் வருடத்தில் ஏழு மாதம் நியூசிலாந்துக்கு ஆப்பிள் பறிக்கப் போய்விடுவான். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், பள்ளியில் பதினோரு கணினிகள், எல்லாவற்றையும் ஒருத்தியாகவே கட்டி மேய்த்தாள். பதினொன்றில் ஓடாத ஒன்றின் வயிற்றைத் திறந்து வைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டிப் பாடம் நடத்தினாள்.

பாடத்தைவிட அவளைப் படுத்தியது புராஜெக்ட் திருத்துகிற வேலை. ஆறாம் படிவத்துப் பிள்ளை ஒவ்வொன்றும், ஊரில் யாராவது ஒருவருக்கு நிஜமாகவே பயன்படும்படி ஒரு புரோகிராம் எழுத வேண்டும். நூறு மதிப்பெண். மதிப்பெண் தாளில் ஆறு வரிகள். என்ன செய்யப் போகிறாய், எப்படி வடிவமைத்தாய், நிரல் ஒழுங்காக இருக்கிறதா, வருகிற விடை சரியா என்று நான்கு வரிகள் போகும். ஆறாவது, எழுதிய அறிக்கைக்கு. இடையில் இருக்கிற ஐந்தாம் வரிதான் வில்லங்கம்: பயன்படுத்தியவர் சொன்ன குறைகளும், அவற்றுக்குச் செய்த திருத்தங்களும், இருபது மதிப்பெண். டீச்சர் திருத்தி முடித்ததும் வகுப்பில் உச்சத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று மூன்று கோப்புகள் தலைநகர் நுகுஅலோஃபாவுக்குக் கப்பலில் போகும். அங்கே முகம் தெரியாத யாரோ மறுபடி திருத்துவார்கள். டீச்சர் தாராளம் காட்டியிருக்கிறாள் என்று பட்டால் அந்த மூன்று பேருக்கு மட்டுமல்ல, வகுப்பு முழுக்க ஒரே அளவாக வெட்டு விழும்.

போன வருடம் பன்னிரண்டு வெட்டினார்கள். காரணம் ஒரே வரியில் வந்தது: குறை சொன்னதற்குச் சான்று இல்லை. எப்படி இருக்கும்? பிள்ளைகள் கொண்டுவந்த தாள்களில் ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் அழகான கையெழுத்தில், "மிக நன்று. மிக்க நன்றி. ஆண்டவர் இந்தப் பிள்ளையை ஆசீர்வதிப்பாராக" என்றுதான் எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளை முதன்முதலாக ஒன்றைச் செய்து கொண்டுவந்து காட்டும்போது அதில் நொட்டை சொல்வது இங்கே பெரிய மனுஷத்தனம் இல்லை. அந்த வெட்டில் ஃபேயோ என்கிற பையனுக்கு நான்கு மதிப்பெண்ணில் டிப்ளமோ இடம் போயிற்று. இப்போது துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறான். அவளைக் கண்டால் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, தலையைக் குனிந்து வணக்கம் சொல்வான். அவன் ஏசியிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம் போலிருக்கும்.

ஆகவே இந்த வருடம் அவள் வகுப்பில் ஒரு போடு போட்டாள். "இங்க பாருங்க. 'நன்று'ன்னு ஒரு தாள் வந்துச்சோ, கிழிச்சுடுவேன். எனக்குக் குறைதான் வேணும். யார் கால்ல விழுவீங்களோ தெரியாது, குறையோட வாங்க."

ஒன்பது பிள்ளைகளும் குறையோடு வந்தார்கள். எழுத்து சின்னதாக இருக்கிறது. நிறம் கண்ணைக் குத்துகிறது. பொத்தான் பெரிதாக இருந்தால் நலம். கீழே கையெழுத்து, தேதி. கலொலைனேவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அவளே எதிர்பார்க்கவில்லை. பச்சைப் பேனாவை எடுத்து ஐந்தாம் வரியில் பதினாறு, பதினேழு என்று போட்டுக்கொண்டே போனாள். உய்னிசேவுக்குப் பதினெட்டு.

உய்னிசேதான் வகுப்பில் முதல். நுகுஅலோஃபாவில் கணினி டிப்ளமோ படிக்க அவளுக்கு எழுபது வேண்டும். அதற்குக் குறைந்தால் விண்ணப்பத்தை வாங்கிப் பார்க்கவே மாட்டார்கள். அவள் எடுத்துக்கொண்டது உபதேசியார்களின் முறைப்பட்டியல். மூன்று மாதத்துக்கு ஒரு தரம், எந்த ஞாயிறு எந்த ஊர்க் கோயிலில் யார் பிரசங்கம் என்று போதகர் செமிசி ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதுகிற தாள் அது. ஒருவரை ஒரே நாளில் இரண்டு ஊருக்கு அனுப்பக்கூடாது, சொந்த ஊரிலேயே அடுத்தடுத்துப் போடக்கூடாது, வயதானவரைத் தூரத்துக்கு விரட்டக்கூடாது. நாற்பத்திரண்டு பேர், ஒன்பது கோயில். உய்னிசேயின் புரோகிராம் அதை ஒரு நிமிஷத்தில் போட்டுக் கொடுத்தது. கலொலைனே அந்தத் தாளை வரி வரியாக விரல் வைத்துச் சோதித்தாள். எங்கேயும் ஒருவர் ஒரே நாளில் இரண்டு இடத்தில் இல்லை. மொத்தம் எழுபத்தாறு. தலைமையாசிரியர் கையெழுத்தும் ஆயிற்று. வியாழக்கிழமைக் கப்பலுக்கு மூன்று கோப்பையும் கட்டி வைத்தாள்.

அதற்கு முந்தின ஞாயிறு, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற தன் ஊர்க் கோயிலுக்கு அவள் பிள்ளைகளோடு போனாள். மணி அடித்தது, ஜனம் உட்கார்ந்தது. பிரசங்க பீடத்துக்கு ஆள் வரவில்லை. கோயில்பிள்ளை எழுந்து ஒரு பாட்டை எடுத்துவிட்டார். பாடினார்கள். இன்னொரு பாட்டு. பாடினார்கள். நான்காவது பாட்டு முடிந்தபோது, யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று கலொலைனே கழுத்தை நீட்டி, கதவுப் பக்கம் ஒட்டியிருந்த முறைப்பட்டியலைப் பார்த்தாள். உய்னிசேயின் தாள். இந்த ஞாயிறு, இந்தக் கோயில், பிரசங்கம்: சியோசிஃபா.

சியோசிஃபா பிப்ரவரியில் இறந்து போனார். இது ஜூலை.

அவருடைய மனைவி லதாய் முதல் பெஞ்சில் இருந்தாள். மேலெல்லாம் கறுப்பு, இடுப்பில் துக்கத்துக்குக் கட்டுகிற கிழிந்த பெரிய பாய். நேரே பீடத்தைப் பார்த்தபடி மற்றவர்களோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். கலொலைனே மறுபடி பட்டியலைப் பார்த்தாள். அந்தத் தாளில் அந்தப் பெயர்மேல் அவள் விரல் பட்டிருக்கிறது. அடக்கத்துக்குப் போனவள் அவள், அந்த வீட்டில் இரண்டு நாள் பாத்திரம் கழுவியவள். ஆனால் திருத்துகிறபோது பார்த்தது மோதல் இருக்கிறதா என்பதை மட்டும்தான். ஆளைப் பார்க்கவில்லை.

ஒன்பது பாட்டு பாடினார்கள். பிறகு கோயில்பிள்ளை ஒரு ஜெபம் பண்ணி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார். வெளியே செருப்பு மாட்டும்போது யாரோ ஒரு கிழவர் பக்கத்து ஆளிடம், "இருந்தப்பவும் பேசிப் பேசி உமுக் குழியடுப்புல வெச்ச கறியக் கருக விட்டாரு, போயும் நம்மளக் காக்க வெச்சுட்டாரு" என்று சிரித்தார். அதற்குமேல் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கலொலைனே கோயில்பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, பட்டியல நீங்க முன்னாடியே பாக்கலியா?"

"பாத்தேனே. மூணு வாரமாப் பாக்குறேன்."

"அப்ப வேற ஆளச் சொல்லியிருக்கலாமே?"

"போதகர் ஐயா குடுத்த தாளு. அவரு ஏதாச்சும் யோசிச்சுத்தான் போட்டிருப்பாரு. அதுவுமில்லாம சின்னப் பொண்ணு, எவ்வளவு அழகா அடிச்சுக் குடுத்திருக்கு!"

அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்த போதகர் செமிசி, கையில் சேம்பு இலையில் சுட்ட கறிப் பொட்டலத்தோடு வாசலுக்கு எழுந்து வந்தார். அவளை உட்காரச் சொல்லி, பிள்ளைகளை விசாரித்து, கணவனை விசாரித்து, ஆப்பிளை விசாரித்து முடிக்கிறவரை அவள் காத்திருந்தாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றார் கடைசியில். "தாளப் பாத்த அன்னிக்கே தெரியும். கோயில்பிள்ளை சமாளிச்சுக்குவாருன்னு நெனச்சேன்."

"நீங்க குறைன்னு எழுதிக் குடுத்ததுல இது இல்லியே ஐயா. எழுத்து சின்னதா இருக்குன்னுதானே எழுதியிருந்தீங்க?"

போதகர் சங்கடமாகச் சிரித்தார். "எனக்கு எழுத்து நல்லாத்தான் தெரிஞ்சுது. அந்தப் புள்ள வந்து, 'ஐயா, ஒரு குறை வேணும், இல்லாட்டி டீச்சர் தாளக் கிழிச்சுருவாங்க'ன்னு கண்ணக் கசக்கிட்டு நின்னுச்சு. பாவம். 'என்ன குறைன்னு நீயே சொல்லும்மா'ன்னேன். அது சொல்லச் சொல்ல நான் எழுதினேன்."

"நெசமான குறை ஒண்ணு கையில இருந்துச்சே ஐயா!"

"அதச் சொன்னா புள்ள வெக்கப்படுமேம்மா" என்றார் போதகர், இதுகூடவா உனக்குத் தெரியாது என்கிற குரலில்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் அவள் ஏறி இறங்காத படி இல்லை. மீன் கூட்டுறவுக் கிடங்கு, ரக்பி பயிற்சியாளர் வீடு, ஆஸ்பத்திரி மருந்து அறை, தபால் மேசை. ஒன்பது பேரும் ஒரே பாட்டு: புள்ள கேட்டுச்சு, புள்ளயே சொல்லிச்சு, நான் கையெழுத்துப் போட்டேன், ஏன், மார்க் பத்தலியா, இன்னொண்ணு வேணா எழுதித் தரட்டுமா? கோபப்படக்கூட வழியில்லை. ஒன்பது பேரும் அன்பினால் பொய் சொல்லியிருந்தார்கள். அதைச் சொல்ல வைத்தது அவள். குறையோடு வா என்று பிள்ளைகளை விரட்டினாளே தவிர, குறையே பேசாத ஊரில் அதை எப்படிக் கேட்பது என்று ஒரு நாளும் சொல்லிக் கொடுக்கவில்லை.

தலைமையாசிரியர் பெனிசிமானி கதையைக் கேட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தினார். "யாருக்குத் தெரியும் இது?"

"எனக்குத் தெரியும் சார்."

"நான் கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப மாத்தணும்னா ஏன்னு காரணம் எழுதணும், யார் தப்புன்னு எழுதணும். நுகுஅலோஃபாகாரன் ஒன்பது பேரயும் சந்தேகமாப் பாப்பான். போன வருஷம் பன்னண்டு. இந்த வருஷம் இருபதும் போயிட்டா? விட்டுடும்மா. அங்க இருக்கிறவனுக்குத் தாள்ல குறை வேணும், தாள்ல குறை இருக்கு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் அவளை வதைத்தது. பேசாமல் இருந்தால் உய்னிசேவுக்கு எழுபத்தாறு, டிப்ளமோ உறுதி. வாயைத் திறந்தால் ஐந்தாம் வரி பூஜ்யம், ஐம்பத்தெட்டு. போதாக்குறைக்கு, இறந்தவரைப் பிரசங்கத்துக்கு அனுப்பிய விடைக்கு முழு மதிப்பெண் போட முடியாது, அங்கேயும் நான்கு போகும். இன்னொரு ஃபேயோவைத் தன் கையாலேயே துறைமுகத்துக்கு அனுப்புவதா?

"காரணத்த நான் எழுதுறேன் சார்" என்றாள். "தப்பு என்னுதுன்னே எழுதுறேன். வியாழக்கிழமைக்குள்ள புள்ளைங்க அஞ்சாம் வரிய மறுபடி செய்யட்டும். நீங்க கீழ ஒரு கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

பெனிசிமானி பேனா மூடியைத் திருகித் திறந்தார். அவள் அங்கேயே எழுதி நீட்டியதை வாங்கி, வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வகுப்பில் சொன்னபோது எட்டுப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். உய்னிசே குனியவில்லை. "டீச்சர், நீங்கதானே குறை வேணும்னீங்க? கொண்டாந்தோம். இப்ப அதுவும் தப்பா?"

ஒரு மாணவி ஒரு டீச்சரை இப்படிக் கேட்டு கலொலைனே பார்த்ததில்லை. "தப்பு என்னுது" என்றாள் அவள். "எப்படிக் கேக்கணும்னு நான் சொல்லித் தரல. இந்தத் தடவ யார்கிட்டயும் 'எப்படி இருக்கு'ன்னு கேக்காதீங்க. பக்கத்துல உக்காந்து அவங்க வேலை செய்யறதப் பாருங்க. எங்க கை நிக்குதோ, எங்க மறுபடி மறுபடி அழுத்துறாங்களோ, அத எழுதுங்க. வாய் பொய் சொல்லும், கை சொல்லாது." பிறகு, "உய்னிசே, உனக்கு மட்டும் உக்காந்து பாத்தா போதாது. சியோசிஃபா பேரு பட்டியல்ல வந்துச்சு, தெரியுமா?" என்றாள்.

தெரியாது. ஒருவரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. போன வருடத்துத் தாளில் இருந்த பெயர்களை அப்படியே அடித்து ஏற்றியிருக்கிறாள், அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தம் இல்லாமல் போனதைக் கலொலைனே பார்த்தாள். போதகர் தவிர்க்க நினைத்த வெட்கம் இதுதான், அது வந்தே விட்டது.

செவ்வாய் சாயங்காலம் இரண்டு பேரும் லதாய் வீட்டுக்குப் போனார்கள். உய்னிசே வாசலிலேயே பாயில் உட்கார்ந்து, தலை தரையில் படக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். லதாய் அவளைத் தூக்கி உட்கார வைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்தாள். "அதனால என்னம்மா, நல்லாத்தானே செஞ்சிருக்க. ரொம்ப நல்லா இருக்கு."

உய்னிசே கலொலைனேயைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவர் பேர எடுத்துட்டேன் பெரியம்மா" என்றாள் உய்னிசே. "காலையிலயே பட்டியல்லேர்ந்து அழிச்சுட்டேன். இனிமே வராது." நோட்டை விரித்துப் புதிய தாளை எடுத்து லதாயின் மடியில் வைத்தாள்.

லதாய் அந்தத் தாளை வாங்கி மேலிருந்து கீழே ஒருதரம், கீழிருந்து மேலே ஒருதரம் பார்த்தாள். "நல்லா இருக்கு" என்றாள் மறுபடி. ஆனால் அவள் விரல், உபதேசியார் பெயர்வரிசையில் சியோசிஃபா இருந்திருக்க வேண்டிய எஸ் எழுத்து இடத்தில் நின்றுவிட்டது. உய்னிசே அதைப் பார்த்தாள். நோட்டில் எதையோ எழுதினாள். கேட்காமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே யாரோ பன்றியைக் கூப்பிட்டார்கள், அது வந்தது, தின்றது, போயிற்று.

"முப்பத்தொரு வருஷம் அந்தத் தாள்ல இருந்தாரு" என்றாள் லதாய். "அவரு பேரு இருந்ததுல எனக்கு வருத்தமில்லம்மா. ஒன்பது பாட்டு பாடுனாங்க, ஒருத்தர்கூட வாயத் தொறந்து, 'சியோசிஃபா இல்ல, இறந்துட்டாரு'ன்னு சொல்லல. அதுதான் எனக்குத் தாங்கல. இப்ப நீ அழிச்சும் போட்டுட்டே." தாளைத் திருப்பி நீட்டினாள். "இது நல்லால்ல."

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனவளாக வாயில் கைவைத்தாள். உய்னிசே, அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதினாள். "வேற எப்படி இருக்கணும் பெரியம்மா?" என்றாள்.

"கீழ தனியாப் போடு. இருந்தவங்க இவங்கன்னு. எல்லாரையும் போடு, இவர மட்டும் போடாத."

அதைத்தான் அவள் செய்தாள். பட்டியலின் அடியில், கர்த்தருக்குள் ஓய்ந்தவர்கள் என்று ஒரு பகுதி. அதில் பெயர் போனால் பிரசங்கத்துக்கு அந்தப் பெயர் வராது, ஆனால் தாளைவிட்டுப் போகவும் போகாது. பழைய தாள்களைப் போதகரிடம் கேட்டு வாங்கிப் பதினான்கு பெயர் ஏற்றினாள். புதன்கிழமை கலொலைனே மறுபடி திருத்தினாள். விடைக்கு நான்கு குறைத்தாள். ஐந்தாம் வரிக்குப் பதினேழு. மொத்தம் எழுபத்தொன்று. மற்ற எட்டுப் பேருக்கு ஒன்பதிலிருந்து பதிமூன்று வரை வந்தது, அதற்குமேல் ஒன்றும் ஏற்றிப் போடவில்லை. தன் தப்பை ஒரு பக்கத்துக்கு எழுதிய கடிதத்தை மேலே வைத்துக் கட்டி, தானே கப்பலில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். கட்டை வாங்கி உள்ளே வைத்தவன் ஃபேயோ.

பதில் வர ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரமும் தலைமையாசிரியர் அவளைக் கண்டால் வானிலையைப் பற்றி மட்டும் பேசினார். மதிப்பெண்ணில் மாற்றமில்லை, ஒன்றுகூட வெட்டவில்லை. கடிதத்தை அவள் கணினி அறையில் நின்றபடியே மூன்று தரம் வாசித்தாள். பிறகு உட்கார்ந்து அழுதாள், பிள்ளைகள் உள்ளே வந்து என்ன டீச்சர் என்று கேட்கும்வரை.

கடிதத்தின் அடியில் ஒரு கோரிக்கை இருந்தது. உய்னிசேயின் ஐந்தாம் வரித் தாளை மற்றத் தீவுப் பள்ளிகளுக்கு மாதிரியாக அனுப்ப விரும்புகிறார்கள்; அதில் குறை சொன்னவரின் ஒப்புதல் வேண்டும்; விதிப்படி, தாளில் உள்ள ஆட்பெயர்கள் எல்லாவற்றையும் கறுப்பு மையால் அடித்து அனுப்ப வேண்டும்.

லதாய் ஒப்புதல் தாளில் உடனே கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, பெயர் அடிக்கிற விஷயத்தைக் கலொலைனே சொன்னாள்.

"எல்லாப் பேரும் அடிக்கட்டும்" என்றாள் லதாய். "என் பேரயும் அடிக்கட்டும். அவரு பேர அடிச்சா, நான் கையெழுத்துப் போடலன்னு எழுதிடு."

இந்தத் தடவை 'நல்லா இருக்கு' என்று அவள் தொடங்கவில்லை. கலொலைனே பள்ளிக்குத் திரும்பி வந்து, கறுப்பு மைப் பேனாவை எடுத்து ஒவ்வொரு பெயராக அடித்தாள். சியோசிஃபா என்ற இடம் வந்தபோது மூடியைப் போட்டு மூடிவிட்டு, விதி மீறப்பட்டது, குறை சொன்னவர் அப்படிக் கேட்டார் என்று ஓரத்தில் பச்சைப் பேனாவால் எழுதி, கீழே தன் முழுப்பெயரைப் போட்டாள்.